விளம்பர ஏஜென்சி வேலையை விட்டு சமூக நீதிப் பக்கம் முழுநேரமாக வரலாமா?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் சில வருடங்களாக இருக்கிறேன். நகைக்கடை, வீட்டுமனை, ஒரு தனியார் கல்லூரி, இவர்களுக்கு பேஸ்புக், இன்ஸ்டாவில் விளம்பரம் ஓட்டுவது, யாருக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது, மாதக் கடைசியில் ரிப்போர்ட் கொடுப்பது என்று வேலை ஓடுகிறது. வேலை நன்றாகவே வரும். ஆனால் தொழிலாளர் உரிமை, சாதிக் கொடுமை, பெண்கள் பாதுகாப்பு மாதிரி விஷயங்களுக்கு இதே திறமையைப் பயன்படுத்த வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. ஓய்வு நேரத்தில் செய்யும் உதவியாக இல்லாமல் தொழிலாகவே.

இது தமிழ்நாட்டில் ஒரு தொழிலாக இருக்கிறதா? வேறு படிப்பு ஏதாவது படிக்க வேண்டுமா? சம்பளம் எப்படி? வீட்டில் நான் அனுப்பும் பணத்தை நம்பித்தான் தம்பியின் படிப்பு நடக்கிறது, அதனால் பட்டினி கிடந்து சேவை செய் என்ற அறிவுரை எனக்கு உதவாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சிறுமலை

வா தங்கச்சி. படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன், இந்த வேலை என்ன என்று அதிலேயே பிடிபட்டுவிடும். நான் இந்தப் பக்கம் தொழிற்சங்கங்களுக்குச் செய்தித் தொடர்பு வேலை பார்க்கிறேன்.

ஒன்று கொடைக்கானல் பாதரச ஆலை. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் பெயர்த்துக்கொண்டு வந்து கொடைக்கானலில் வைத்தார்கள், பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் 2001 மார்ச்சில் வெளியே கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2015 ஜூலை கடைசியில் சோபியா அஷ்ரப் பாடிய ஒரு ராப் வீடியோ வந்தது, சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், கூடவே ஜட்கா என்ற அமைப்பு இணையத்தில் கையெழுத்து வாங்கியது, லண்டனில் இருந்த தாய்க் கம்பெனி யூனிலீவரின் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றுதான் கம்பெனி சொன்னது, அதையும் கவனித்துக்கொள்.

ஒரு பாட்டு ஜெயித்த கதை என்று இதை வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பாட்டு வந்தபோது சங்கம் ஏற்கெனவே பதினான்கு வருடமாக உயிரோடு இருந்தது. யார் எந்தப் பிரிவில் வேலை செய்தார்கள், யாருக்கு என்ன உடம்புக்கு, யார் செத்துப்போனார்கள் என்ற பட்டியல் இருந்தது. வழக்கு எண் இருந்தது. சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் மாதிரி ஆட்கள் வருடக்கணக்கில் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதனால்தான் உலகம் திரும்பிப் பார்த்த அந்த ஒரு வாரத்தில், என்ன வேண்டும் என்று கேட்டதும் சொல்ல முடிந்தது. அது இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாவது, 2021 ஜனவரி. ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் கொல்லப்பட்டாள், அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் உறுப்பினர். தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. அவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலோடு நிற்கவில்லை. அந்த ஆலையில் தைத்த சட்டை யார் கடையில் தொங்குகிறது என்று பார்த்தார்கள். எச் அண்டு எம் என்ற வெளிநாட்டு ஆடை பிராண்டு. ஆசியத் தொழிலாளர் அமைப்புகளின் கூட்டணியான ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸோடும் அமெரிக்காவில் உள்ள தொழிலாளர் உரிமை அமைப்போடும் சேர்ந்து அந்தப் பிராண்டைப் பார்த்துப் பேசினார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை வைத்திருந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், பிராண்டு தனியாகச் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தம். பிறகு கேப், பிவிஎச் என்ற ஆடைக் கம்பெனிகளும் சேர்ந்தன. தையல் லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள், பாலியல் தொல்லையைப் புகார் செய்தவர்மீது பழிவாங்கல் நடக்கக் கூடாது என்று எழுத்தில் வந்தது.

இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொண்டது இதுதான். நீ கேட்கிற விஷயத்தில் கையெழுத்துப் போடக்கூடிய ஆள் யார்? அவர் எதைக் கண்டு கவலைப்படுவார்? அந்தக் கவலையை அவர் காதுக்குக் கொண்டுபோக எது சரியான வழி? சில நேரம் இரண்டு லட்சம் பேர் பார்க்கும் வீடியோ, சில நேரம் ஒரே ஒரு இமெயில் போதும். பொதுமக்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது பல தடவை தேவையே இல்லாத ஆசை.

#3 கரிசல்நிருபர்

சிறுமலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாச்சாத்தியை இந்தத் தலைமுறை பெயரளவில்தான் அறியும். 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டத்து மலைவாழ் கிராமத்தில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து செய்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர், விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை வந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அப்போது செல்போன் கிடையாது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் பின்னால் நின்றார்கள், அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் ஆட்களைச் சுட்டிக் காட்டினார்கள், வழக்கறிஞர்கள் சளைக்கவில்லை. நாங்கள் செய்த செய்தி வேலை என்ன என்று கேட்டால், இடையிடையே ஊர் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டதுதான். அது சின்ன வேலை போலத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஒரு விஷயத்தை மறக்கவிடாமல் வைத்திருப்பது சின்ன வேலை இல்லை அம்மா. இன்றைக்கு ஒரு ஹேஷ்டேக் எத்தனை நாள் நிற்கிறது?

ஆகவே நீ சேரப்போகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, பழைய ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று. பல அமைப்புகளில் பத்து வருடத்துப் போட்டோ, துண்டறிக்கை, வீடியோ எல்லாம் யாரோ ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அவர் போனால் வரலாறும் போச்சு. அதை ஒழுங்குபடுத்துவதையே முதல் வருட வேலையாக வைத்துக்கொண்டாலும் தகும்.

#4 பேரேடு

நான் தொண்டு நிறுவனக் கணக்குப் பக்கம். சம்பளம் கேட்டதால் சொல்கிறேன், இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களில் தகவல் தொடர்பு அதிகாரி, பிரச்சார மேலாளர் என்று பதவிகள் இருக்கின்றன, ஏஜென்சி சம்பளத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே வரும். ஆனால் பெரும்பாலானவை டெல்லி, பெங்களூரு, மும்பை, ஆங்கில வேலை. தமிழில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளில் பணம் திட்டத்தோடு வரும், திட்டத்தோடு போகும். ஒரு வருட ஒப்பந்தம் சாதாரணம்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம், இப்போது 20 சதவீதம்தான். அதைவிட முக்கியம், பணம் வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு வாங்கி மாவட்ட அளவில் உள்ள சின்ன அமைப்புகளுக்குக் கொடுக்கும், அந்தக் குழாய் அடைந்துவிட்டது. சமூகத்துக்கு நெருக்கமாக நின்று வேலை செய்தவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். உங்கள் சம்பளம் நிர்வாகச் செலவா திட்டச் செலவா என்று ஆடிட்டரோடு தலையை உடைத்துக்கொள்ளும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அந்தச் சட்டப்படி பத்திரிகையாளர், பத்தி எழுதுபவர், கார்ட்டூனிஸ்ட், பத்திரிகை ஆசிரியர், பத்திரிகை உரிமையாளர், இவர்களெல்லாம் வெளிநாட்டு நிதி வாங்கவே முடியாது. மின்னணு வழியில் செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரிக்கும் அமைப்புக்கும் கிடையாது. எனவே, வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு செய்திச் சேனல் ஆரம்பிக்கலாம் என்று கனவு காணாதீர்கள், அமைப்பின் பதிவுக்கே ஆபத்து.

நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்பது போல நீங்களும் அவர்களைக் கேளுங்கள். நிதி எங்கிருந்து, எந்த மாதம் வரை? பிஎஃப் உண்டா? இந்தத் திட்டம் முடிந்தால் என்ன? பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போகாதீர்கள், அதுவும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் நீங்கள்.

#5 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிறுமலை அக்கா சொன்னதைப் படித்த பிறகு ஒரு குழப்பம். எங்கள் ஏஜென்சியில் எல்லாமே எண்தான். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தட்டினார்கள், ஒரு போன் நம்பர் கிடைக்க எவ்வளவு செலவு. நீங்கள் சொல்கிற வேலையில் ஜெயித்தோம் என்று எப்படித் தெரியும்? அப்புறம் எனக்குத் தெரிந்த விளம்பர வேலை இங்கே பயன்படுமா, இல்லை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

#6 சிக்னல்கம்பம்

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து என் பங்கு. உங்கள் அனுபவம் பயன்படும், ஆனால் சில கதவுகள் உங்களுக்குப் புதிதாக இருக்கும்.

மெட்டாவில், அதாவது பேஸ்புக், இன்ஸ்டாவில், சமூகப் பிரச்சினை பற்றிய விளம்பரம் போட்டால் அது அரசியல் விளம்பரத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும். விளம்பரம் போடுபவர் அடையாளச் சான்று கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், யார் பணம் கட்டியது என்று விளம்பரத்திலேயே வரும், பிறகு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும் நூலகத்தில் போய்ச் சேரும். அவசரமாக இன்று இரவே ஓட்ட வேண்டும் என்றால் நடக்காது, ஆகவே போராட்டம் வருவதற்கு முன்பே அனுமதியை வாங்கி வைத்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் மதம், அரசியல் சார்பு, இனம் மாதிரியான விஷயங்களை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். வீட்டுமனை விற்ற மாதிரி ஆளைப் பொறுக்க முடியாது.

வாட்ஸப்தான் இங்கே உண்மையான ஊடகம். ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அதனால் ஒரே செய்தியைப் பரப்பிவிடுவதைவிட, ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் கிளைத் தலைவரின் குரலில், அந்த ஊர்ப் பேச்சில், ஒரு நிமிட ஆடியோ புதிதாகப் பதிவு செய்து அனுப்பினால் போகும், கேட்கவும் செய்வார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்கும் குரல் வழிச் சேவைகள் இருக்கின்றன. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா அப்படித்தான் ஓடியது. ஆதிவாசிகள் போனிலேயே தங்கள் மொழியில் புகாரைப் பதிவு செய்வார்கள், அதைக் கேட்டு நகரத்தில் இருப்பவர்கள் அந்த அதிகாரிக்கு போன் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதது தடையாக இல்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை மனதில் வைத்து யோசிப்பதுதான் இந்தத் தொழிலில் அழகான பகுதி என்று நினைக்கிறேன்.

இணையத்தில் ஜெயித்த கதை ஒன்றும் சொல்கிறேன். 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றி மக்கள் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் இமெயில் போனது. அந்தப் பிரச்சாரத்தை நடத்தியவர்கள் நூறு பக்கத்துக்கு மேல் இருந்த ஆவணத்தைச் சுருக்கி, அதில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நேராகப் பதில் எழுதி, மக்கள் அனுப்ப வழி செய்தார்கள். அடுத்த சுற்றில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக லட்சக்கணக்கில் ஆதரவுக் கடிதம் அனுப்ப வைத்தது, ஆனால் அவை கேட்ட கேள்விக்குப் பதிலாக இல்லை என்று டிராயே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை வந்தது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் இருந்தது, கேள்விக்குப் பதில் ஒரு பக்கம்தான் இருந்தது. இதே கதையில் ஒரு பாடமும் உண்டு. கருத்து அனுப்பியவர்களின் பெயர், இமெயில் எல்லாவற்றையும் டிராய் அப்படியே வலைத்தளத்தில் போட்டுவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடுபவரின் விவரம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று யோசிப்பதும் உங்கள் பொறுப்பு.

#7 சிறுமலை

எண் பற்றிக் கேட்டாயே. எண்ணை விடவே கூடாது, ஆனால் வேறு எண். சட்டத்தில் எந்த வரி மாறியது, எத்தனை பேருக்கு நிலுவைச் சம்பளம் வந்தது, எத்தனை ஆலையில் புகார்க் குழு உண்மையிலேயே கூடியது, சங்கத்தில் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்கார இடம் கேட்டுப் போராடினார்கள், விஜி பள்ளித்தொடியின் பெண்கூட்டு அமைப்பு. 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. தி.நகரில் ஒரு கடைக்குள் போய் அந்த ஸ்டூல் போட்டிருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று பார், உன் பிரச்சாரம் முடிந்ததா இல்லையா என்று தெரியும். கோவாவிலிருந்து இயங்கும் வீடியோ வாலன்டியர்ஸ் அமைப்பின் சமூக நிருபர்கள், பிரச்சினையை ஒரு வீடியோ எடுப்பார்கள், அது தீர்ந்த பிறகு எப்படித் தீர்ந்தது என்று இன்னொரு வீடியோ எடுப்பார்கள். எனக்கு அந்த இரண்டாவது வீடியோதான் ரிப்போர்ட்.

#8 லயத்துப்பாதை

வணக்கம் தோழி. நான் இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம். சிறுமலை கடைசியாகச் சொன்னதை எங்கள் பக்கத்தில் கண்கூடாகக் கண்டோம்.

தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் என்ற கோரிக்கை பல வருடமாக இழுபட்டது. 2018 அக்டோபர் 24 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து திரண்டார்கள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் கூட்டியது அல்ல, முகநூலில் பேசிப் பேசிக் கூடிய கூட்டம். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்காக வந்து நின்றார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் பிரச்சினை முதன்முறையாகக் கண்ணுக்குப் பட்டது என்றே சொல்லலாம். ஆயிரம் என்ற ஒற்றை எண் இருந்ததால் சிங்கள நண்பர்களுக்கும் ஒரு வசனத்தில் விளக்க முடிந்தது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது. எல்லோரும் வெற்றி என்று பதிவு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி நின்றன, பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டின, கிலோ குறைந்தால் அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்றார்கள். அதைப் பற்றிப் பதிவு போட ஆள் இல்லை. அரைநாள் பேர் கணக்கைத் தோட்டத்துக்குத் தோட்டம் அம்மாமார் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள், அதை வாங்கிக் கேள்வி கேட்க எங்களிடம் ஆட்கள் போதவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அறிவிப்பு வந்த மறுநாளும் அங்கே இருக்க வேண்டும். 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்தார்கள். நடை ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. காணி, வீடு, சம்பளம், மொழி என்று கோரிக்கைகளை முன்கூட்டியே எழுதி, மூன்று மொழியிலும் வைத்திருந்தார்கள். வழிநெடுகச் சிங்கள, முஸ்லிம் ஊர் மக்கள் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.

#9 கூவம்கரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கடுமையாக இருக்கும், மன்னிக்க வேண்டாம், யோசியுங்கள்.

நான் தூய்மைப் பணியாளர் குடும்பம். எங்கள் தெருவுக்கு கேமராவோடு வந்தவர்கள் நிறைய. எங்கள் சாவை எடுத்து, விருது வாங்கி, அடுத்த வேலைக்குப் போனவர்களும் உண்டு. எங்கள் தெருவில் டிகிரி முடித்த பிள்ளைகள், வீடியோ எடிட்டிங் போனிலேயே செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தொடர்பு அதிகாரி வேலைக்கு ஏன் அவர்களைக் கூப்பிடுவதில்லை? ஆங்கிலம் வராது என்பார்கள். துயரம் எங்களுடையது, தொழில் உங்களுடையதா?

உத்தரப் பிரதேசத்தில் கபர் லஹரியா என்று ஒன்று இருக்கிறது. சித்ரகூட்டில் 2002இல் பெண்கள் புந்தேலி மொழியில் ஆரம்பித்த பத்திரிகை, தலித், முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட பெண்களே நிருபர்கள், பிறகு முழுக்க டிஜிட்டலுக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அப்போதுகூட, 2022 மார்ச்சில், எங்களைப் பற்றி இதில் சொல்லியிருப்பது முழு உண்மை இல்லை என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். தங்களுக்கென்று ஒரு ஊடகம் இருந்ததால் அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது. எங்களைப் பற்றித் தப்பாக எடுத்தால் நாங்கள் எங்கே போய் அறிக்கை விடுவோம்?

எனவே வைகைக்கரை, வரலாமா என்று எங்களையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

#10 வைகைக்கரை

கூவம்கரை, நீங்கள் எழுதியது முழுவதும் நியாயம். பதில் சொல்வதற்கு முன் கேட்கிறேன். என்னிடம் இருக்கும் வேலையை உங்கள் தெருவில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசை, ஆனால் அதையும் நானே முடிவு செய்து வந்து நின்றால் சரியாக இருக்காது. உங்களுக்கு இப்போது என்ன குறைகிறது, யார் என்ன செய்தால் உதவும் என்று சொல்வீர்களா? தெரியாமல் வந்து இடைஞ்சலாக இருக்க விரும்பவில்லை.

#11 கரிசல்நிருபர்

கூவம்கரை கேட்ட கேள்விக்கு எங்கள் தொழிலே பதில் சொல்ல வேண்டும், அந்தப் பெண் மட்டும் இல்லை. நான் இருந்த செய்தி அறைகளில் உங்கள் தெருவிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சட்டம் பற்றிச் சிலது, வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. குழந்தை என்றால் போக்சோ 23. பெயர் போடாமல் ஊர், பள்ளிச் சீருடை, தகப்பன் தொழில் மூன்றையும் போட்டால் அதுவும் அடையாளம்தான். இறந்துபோனவர் என்றாலும், பெற்றோர் சம்மதித்தாலும், தேவை என்று அமர்வு நீதிபதி முடிவு செய்தால் ஒழியப் பெயர் போடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹேஷ்டேக்கில் பெயர் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது, நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனாலும் குடும்பத்தையும் வழக்கையும் அது பாதிக்கும்.

சம்மதம் வாங்குவதையும் ஒரு தடவையோடு முடிக்காதே. பேட்டி கொடுத்த அன்று இருந்த கோபம் ஆறு மாதம் கழித்து இருக்காது, மகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும், வேலை கொடுத்தவன் மிரட்டுவான். எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எடுத்துவிட வேண்டும், அது உன்னுடைய பெரிய ஹிட் வீடியோவாக இருந்தாலும்.

#12 பேரேடு

படிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. மும்பை டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில், ஊடகம் மற்றும் பண்பாட்டு ஆய்வு எம்.ஏ. இருக்கிறது, சென்னை தரமணியில் ஏசிஜே என்ற இதழியல் கல்லூரி இருக்கிறது, எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். எதுவும் மோசம் இல்லை, ஆனால் வீட்டுச் சுமை இருக்கும்போது கடன் வாங்கிச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. பத்திரிகையாளர் சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய, கிராமத்து வாழ்வைப் பதிவு செய்யும் பாரி இணையதளம் தமிழிலும் வருகிறது, அதை ஒழுங்காகப் படித்தாலே ஒருவரின் உழைப்பை எப்படி மரியாதையோடு எழுதுவது என்று பழகும். சட்டம் படியுங்கள், முழுச் சட்டப் படிப்பு வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ மனு போடும் முறை, தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் எழுதும் முறை. ஏஜென்சியில் இருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கும் குறை, டிசைன் பிரமாதமாக இருக்கும், மனு எழுத வராது.

#13 கூவம்கரை

வைகைக்கரை கேட்டதற்குப் பதில். கேட்டதற்கு நன்றி.

மலக்குழி மரணத்துக்கு 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்றது, 1993 முதல் நடந்த எல்லா மரணத்துக்கும். பெஜவாடா வில்சனின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற தூய்மைப் பணியாளர் இயக்கம் போட்ட வழக்கு அது. 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தினார்கள். நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குகளிலேயே தமிழ்நாடு உச்சியில் இருந்திருக்கிறது. ஆனால் எஃப்ஐஆரில் விஷவாயு தாக்கி விபத்து என்று மட்டும் எழுதுவார்கள், தனியார் கட்டிடம் என்று சொல்லிக் கை கழுவுவார்கள், அந்தக் குடும்பம் பட்டியலுக்கே வராது. எங்கள் பகுதியில் நாங்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். பாதி நோட்டில், பாதி வாட்ஸப்பில், பேப்பர் கட்டிங் ஒரு பையில்.

எங்களுக்கு ரீல்ஸ் வேண்டாம். இதை ஒழுங்குபடுத்த வேண்டும், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் கூட உட்காருவார்கள், அடுத்த முறை அவர்களே செய்துகொள்கிற மாதிரி. பெயர், தேதி, இடம், யார் இறக்கினார்கள், ஒப்பந்ததாரர் யார், எஃப்ஐஆர் எண், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டத்தின் 7, 9 பிரிவு போட்டார்களா, எஸ்சி எஸ்டி சட்டம் போட்டார்களா, இழப்பீடு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, மனைவிக்கு வேலை கொடுத்தார்களா. இறந்தவர் குடும்பத்தின் போன் நம்பர் எங்களிடம் மட்டும் இருக்கும், உங்கள் லேப்டாப்புக்கு வராது. இதற்குச் சம்மதம் என்றால் பேசலாம்.

#14 வைகைக்கரை

சம்மதம். போன் நம்பர் தனி ஷீட்டில், உங்கள் போனில், பாஸ்வேர்டு உங்களிடம். மீதிக் கட்டங்களை இன்று இரவே போட்டுத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், உங்கள் பிள்ளைகள் போனில் திறக்கிற அளவுக்கு எளிதாக, தமிழிலேயே. இழப்பீடு கட்டத்தில் கேட்ட தேதி, வந்த தேதி இரண்டையும் தனித்தனியாகப் போடவா? எத்தனை மாதம் இழுத்தடித்தார்கள் என்று மாவட்ட வாரியாகத் தானே கணக்கு வந்துவிடும்.

ஏஜென்சி வேலையை இப்போதே விடவில்லை, பேரேடு அண்ணன் சொன்ன கேள்விகளோடு இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போடப்போகிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

#15 கூவம்கரை

போடுங்கள், இரண்டு தேதியும் வேண்டும். சட்டப்பிரிவு மாற்றச் சொல்லி மனு கொடுத்த தேதிக்கும் ஒரு கட்டம் விடுங்கள், பல குடும்பம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கிறது.